பொன்னுராஜ் கேட்காமல் விட்ட பெயர்

"பொன்னுராஜ் அப்படி என்னதான் வேலை பாக்காரு?"

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் எங்கள் தெருக்காரர்கள் இந்தக் கேள்வியை என்னிடம்தான் கேட்பார்கள். அடுத்த வீடு என்பதால் எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைப்பு. எனக்கு அப்போது தெரியாது. ராஜபாளையத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறார் என்பேன். கம்ப்யூட்டர் ஓட்டுவாரா என்றால், இல்லை. ரிப்பேர் பார்ப்பாரா என்றால், அதுவும் இல்லை. "அப்ப சும்மா போயிட்டு வாராராக்கும்" என்று சிரிப்பார்கள். பள்ளிக்கூடம் முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருக்கும் எனக்கு அந்தச் 'சும்மா' சுருக்கென்று தைக்கும். அவர் செய்த வேலை என்ன, அதில் அவர் தலைகுனிந்தது எப்படி என்று இப்போது எனக்குத் தெரியும். அதைத்தான் எழுதுகிறேன்.

ராஜபாளையத்தில் ஓர் உரக்கடைக்கு மாடியில் அந்தக் கம்பெனி இருந்தது. முதலாளி வைகுண்டராஜ். மில்களுக்கும் தறிக்கூடங்களுக்கும் சம்பளம், ஆஜர் என்கிற வருகைக் கணக்கு எல்லாம் பார்க்கிற புரோகிராம் செய்து விற்பார். புரோகிராமை எழுதுகிறவன் சோலைராஜ் என்ற இளைஞன். கோயம்புத்தூரில் படித்தவன். எட்டு மணி நேரம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். பொன்னுராஜுக்கோ ஒரு வரி புரோகிராம் எழுதத் தெரியாது. அவர் வேலை வெளியே. ஒரு மில்லில் போய் உட்கார்ந்து, யார் யாரிடம் என்ன கேட்கிறார்கள், எங்கே வேலை தேங்கி நிற்கிறது என்று வேடிக்கை பார்ப்பார். பிறகு வந்து, எதைச் செய்ய வேண்டும், எதைச் செய்யவே வேண்டாம், எதை முதலில் செய்ய வேண்டும் என்று சோலைராஜிடம் சொல்வார். முதலாளிமார் கலர் கலராகப் படம் கேட்பார்கள். பொன்னுராஜ் வந்து, "படத்தை விடு தம்பி. அங்க கிளார்க்குக்குக் கண்ணு தெரியல. எழுத்தைப் பெருசாக்கு" என்பார். பெரிய எழுத்துக்காகவே அந்த மில் வாங்கிவிடும். இதற்கெல்லாம் ஒரு பெயர் இருக்கிறது என்பதே அன்றைக்கு அவருக்குத் தெரியாது. வெளியே போகும்போது சேல்ஸ் என்று சொல்லிக்கொள்வார்.

ஆனால் உள்ளுக்குள் அவருக்கு ஒரு பெருமை இருந்தது. மனிதர்கள் எப்படிப் பேசிக்கொள்கிறார்களோ அப்படியே கம்ப்யூட்டரும் பேச வேண்டும் என்பது அவர் கட்சி. அதை யார் மறுத்தாலும் விடமாட்டார்.

தொண்ணூற்று நான்காம் வருஷம். எங்கள் ஊரிலேயே ராஜபாளையம் ரோட்டில் சுப்புராஜ் என்பவருக்குப் பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்கூடம் இருந்தது. அங்கே ஆஜர் போடப் புரோகிராம் கேட்டார்கள். பொன்னுராஜ் வழக்கம்போல் போய் உட்கார்ந்தார். தறிச் சத்தத்தில் காது அடைத்தது. பஞ்சுத் தூசி தலையில் வெள்ளையாகப் படிந்தது. அங்கே ஒரு சிக்கலைக் கண்டார். கூடத்தில் முத்தாத்தாள் என்ற பெயரில் நான்கு பெண்கள். ஒரே குலசாமி, ஒரே பெயர். இரண்டு பேருக்கு இனிஷியலும் ஒன்று. ஒருத்தி லீவு போட்டால் இன்னொருத்திக்கு ஆஜர் வெட்டாகிவிடும். அப்புறம் ஒரு வாரம் சண்டை.

"நம்பர் குடுத்துருவோம்ணே, முடிஞ்சது" என்றான் சோலைராஜ்.

"ஏலே, நம்பரை யாரு ஞாபகம் வச்சுக்கிடுவா? மேஸ்திரி பேச்சிமுத்து அண்ணாச்சி நம்பர் சொல்லியா கூப்புடுதாரு? அவரு எப்படி இனம் கண்டுக்கிடுதாருன்னு கேட்டுட்டு வாரேன்."

கேட்டார். பேச்சிமுத்து வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சிரித்தார். "அதுக்குப் பட்டப்பேரு இருக்குல்லா? நெட்டை முத்தாத்தா, தெத்துப்பல்லு முத்தாத்தா, வடக்குத்தெரு முத்தாத்தா. இன்னொருத்தி பஸ்டாண்டு."

"பஸ்டாண்டா? அது என்ன அண்ணாச்சி?"

பேச்சிமுத்து குரலைத் தாழ்த்தினார். அவளுடைய புருஷன் சமுத்திரம், திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்கென்று போனவன். திரும்பவே இல்லை. அவளோ ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் போய்த் திருப்பூர் வண்டிக்காக நிற்கிறாள். "வண்டி வந்து, ஆளெல்லாம் எறங்கி முடிஞ்சு, கண்டக்டரும் டீ குடிக்கப் போன பொறவுதான் கெளம்புவா. கேட்டா வைத்தியநாதர் கோயிலுக்குப் போனேம்பா. எந்த சாமி பஸ்ஸுல வருதோ!"

பொன்னுராஜ் சிரித்துவிட்டார். வாய்விட்டே சிரித்தார். பிறகு நான்கு பட்டப்பெயர்களையும் சோலைராஜிடம் சொன்னார். பெயருக்குப் பக்கத்தில் பட்டப்பெயருக்கு ஓர் இடம் போடச் சொன்னார். சோலைராஜ் தயங்கினான். "பெறவு யாராச்சும் சடைச்சுக்கிடப் போறாகண்ணே."

"மேஸ்திரி மட்டுந்தான்லே பாக்கப் போறாரு."

அதைச் சொன்னவரே பிறகு அதை மறந்துபோனார்.

வைகுண்டராஜ் மெட்ராஸிலிருந்து ஒரு புது அட்டை வாங்கி வந்தார். அதைக் கம்ப்யூட்டருக்குள் செருகினால் திரையில் தமிழ் எழுத்து வரும். பக்கத்துத் தறிக்கூடத்து முதலாளிமாரையும் கூட்டி வைத்துக் காட்டினால் நாலு ஆர்டர் கிடைக்கும் என்று ஏற்பாடாகிவிட்டது. கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றி, அம்பாசடர் காரின் பின்சீட்டில் பிள்ளைத்தாச்சியைக் கூட்டிப்போவது போலக் கொண்டுபோனார்கள். தறிகளை நிறுத்தினார்கள். முதலாளிமார் நாற்காலியில், கையில் கலர் சோடா. பின்னால் சுவரோரமாகப் பெண்கள். பொன்னுராஜ்தான் பேசினார். நன்றாகவே பேசினார். கைதட்டலும் வந்தது. அந்தச் சூட்டில் அவருக்கு ஒன்று தோன்றியது.

"நான் சொல்றது எதுக்கு? இவங்களையே கேளுங்க. யாராவது ஒரு அம்மா வாங்க. உங்க பேரை நீங்களே பாருங்க, தமிழ்ல!"

பெண்கள் ஒருத்தியை ஒருத்தி இடித்துச் சிரித்தார்கள். "ஏட்டி, நீ போ. நீதான் எழுத்துக் கூட்டிப் படிப்ப" என்று ஒருத்தியைத் தள்ளிவிட்டார்கள். அவள் முந்தானையால் முகத்துப் பஞ்சைத் துடைத்துக்கொண்டு, வெட்கமும் சந்தோஷமுமாக முன்னால் வந்தாள். பெயர் கேட்டார். முத்தாத்தாள் என்றாள். எந்தத் தறி என்று கேட்டு சோலைராஜ் தட்டினான். பச்சை எழுத்து பெரிதாக வந்தது. எழுத்தைப் பெரிதாக்கச் சொன்னவரும் பொன்னுராஜ்தான்.

முத்தாத்தாள் – பஸ்டாண்டு.

சுப்புராஜ் உரக்கப் படித்தார். "பாகுந்தி!" என்று தெலுங்கில் மெச்சிக்கொண்டார். "ஏம்மா, பஸ்டாண்டுல கடை கிடை வச்சிருக்கியா?"

சுவரோரம் யாரோ களுக்கென்று சிரித்தாள். அது பரவியது. விஷயம் தெரிந்தவர்கள் தெரிந்து சிரித்தார்கள். தெரியாத முதலாளிமார் கூடச் சேர்ந்து சிரித்தார்கள். முத்தாத்தாள் திரையை இன்னொரு தடவை எழுத்துக் கூட்டிப் படித்தாள். உதடு அசைவது பொன்னுராஜுக்குத் தெரிந்தது. பிறகு அவரைப் பார்த்துக் கேட்டாள்:

"இந்தப் பேரை யாரு சார் சொன்னது?"

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவர் சொன்னது இது: "அது... கம்ப்யூட்டர் தப்பும்மா. சில நேரம் அதுவா ஏதாச்சும் எடுத்துக்கிடும்."

"கம்ப்யூட்டருக்கு எங்க ஊரு பஸ்டாண்டு எப்படி சார் தெரியும்?"

அதற்கும் சிரிப்பு. முத்தாத்தாள் அழவில்லை. திரும்பித் தன் தறிக்குப் போனாள். யாரும் சொல்லாமலே சுவிட்சைப் போட்டாள். நின்றிருந்த கூடத்தில் அவள் தறி மட்டும் தடதடவென்று ஓடியது.

ஆர்டர் கிடைத்தது. ஒன்றல்ல, வந்திருந்தவர்கள் பலரும் கேட்டார்கள். "அந்தப் பட்டப்பேருதான்யா யாவாரத்தைப் புடிச்சிருக்கு! எல்லாக் கூடத்துலயும் இதே கூத்துதான" என்று வைகுண்டராஜ் காரில் பொன்னுராஜின் தோளைத் தட்டினார். பொன்னுராஜும் பால்கோவா வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மனைவி வேலுத்தாயிடம் எல்லாவற்றையும் சொன்னார். பஸ் ஸ்டாண்டு கதையைச் சொல்லி, கம்ப்யூட்டர் மேல் பழியைப் போட்டுத் தப்பித்ததையும் சிரிப்பாகவே சொன்னார். வேலுத்தாய் சிரிக்கவில்லை. பால்கோவாப் பொட்டலத்தை அவிழ்க்கவும் இல்லை.

"போனவனுக்கு என்ன பேரு வச்சாக?" என்றாள்.

"எவனுக்கு?"

"அதான், திருப்பூருக்குப் போனானே, அவனுக்கு. காத்துக் கெடந்தவளுக்குப் பட்டப்பேரு இருக்கு. விட்டுட்டுப் போனவனுக்கு ஒண்ணும் இல்லையாக்கும்? அதைக் கேட்டுட்டு வரலையா நீங்க? கேக்குறதுதான உங்க வேலை?"

பொன்னுராஜ் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார்.

அடுத்த வாரம் மேஸ்திரிக்குப் பழக்கிக் கொடுக்க அவர் தறிக்கூடத்துக்குப் போனபோது, முத்தாத்தாளின் தறியில் வேறொருத்தி நின்றாள். சீனியம்மாள் என்ற மூத்த தறிக்காரி அவரைக் கண்டதும் சத்தமாகச் சொன்னாள்: "ஏட்டி, சார் வாராரு, வாயப் பொத்துங்கடி. பேசுனா அம்புட்டையும் பெட்டிக்குள்ள போட்டுருவாரு." ஒருத்தியும் அவரிடம் முகம் கொடுக்கவில்லை. எந்த இடத்தில் போய் உட்கார்ந்தாலும் தானாகப் பேச்சு வந்து விழும் என்று பெருமைப்பட்டவர், அன்றைக்குத் தறிச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அவ வேலைய விட்டு நின்னுட்டா. செண்பகத்தோப்புப் பக்கம் மாந்தோப்புல வேலையாம்" என்றார் பேச்சிமுத்து. சொன்னவர் பொன்னுராஜின் கண்ணைப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பொன்னுராஜ் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். மலையடிவாரத் தோப்பில் அவள் உதிர்ந்த காய்களைக் கூடையில் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அது திருப்பூர் வண்டி வருகிற நேரம். அவள் பஸ் ஸ்டாண்டுக்குப் போகவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவளுடைய வேலையை அவர் பறித்தது மட்டுமல்ல, அந்தக் காத்திருப்பையும் பறித்திருந்தார்.

"கம்ப்யூட்டர் தப்பு இல்லம்மா" என்றார். "நாந்தான் போட்டேன். எதுக்கு அந்தப் பேருன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் போட்டேன்."

"தெரியும் சார்."

"எப்படி?"

"பெட்டியப் படிச்சுட்டு உங்க மொகத்தப் பாத்தேன்லா."

அவர் சைக்கிளை ஒரு மரத்தில் சாய்த்து நிறுத்தினார். அவளே பேசினாள். "பட்டப்பேரு எல்லாருக்கும் உண்டு சார். அது பெருசு இல்ல. கோயிலுக்குப் போறேன்னு சொல்லிட்டுத்தான் நான் போவேன். அவளுகளும் 'எனக்கும் சேத்துக் கும்புட்டுக்கிடு'ன்னு சொல்லி அனுப்புவாளுக. விபூதி கேட்டா வழியில கோயிலுக்குள்ள ஓடிப் போயி எடுத்துட்டு வந்து குடுப்பேன். அம்புட்டுப் பேரும் தெரிஞ்சேதான் வாங்கிப் பூசியிருக்காளுக. இனி அவளுக மொகத்துல எப்படி முழிக்க?"

"அந்தப் பேரை எடுத்துருதேம்மா. நீங்க வாங்க."

"நீங்க எடுத்துட்டா அவளுகளுக்கு மறந்துருமாக்கும்?"

கூடைக்குள் ஒரு காயைப் போட்டுவிட்டு அவளே சொன்னாள்: "எங்க ஆத்தா பேரு கருத்தம்மா. கருத்தம்மா மக முத்தாத்தான்னா அந்தக் கூடத்துல நான் ஒருத்திதான். என்கிட்டக் கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன். நீங்க மேஸ்திரிகிட்டல்லா கேட்டீக."

பொன்னுராஜ் சைக்கிளைத் தள்ளிக்கொண்டேதான் திரும்பினார்.

மறுநாள் வைகுண்டராஜிடம் சொன்னார். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "ஆர்டர் குடுத்ததே அதுக்குத்தான்யா. உனக்கு என்ன கோட்டி புடிச்சிருக்கா?" என்றார். பொன்னுராஜ் நேராகத் தறிக்கூடத்துக்குப் போனார். சுப்புராஜின் அனுமதி வாங்கித் தறிகளை நிறுத்தச் சொல்லி, அன்று முதலாளிமார் சோடா குடித்த அதே இடத்தில் நின்று சொன்னார்: கம்ப்யூட்டர் தப்புச் செய்யவில்லை, நான் செய்தேன், பிறகு பொய்யும் சொன்னேன். பெண்கள் தரையைப் பார்த்தார்கள். அவர்களும் சிரித்தவர்கள்தானே. பேச்சிமுத்து வெற்றிலை துப்ப வெளியே போனவர் திரும்பவில்லை. சுப்புராஜ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சரிப்பா, அதுக்கு இப்ப என்ன? தறி நிக்குது" என்றார். அவ்வளவுதான். அவர் பயந்த மாதிரி யாரும் திட்டவில்லை. அது திட்டியதைவிட மோசமாக இருந்தது.

அன்று சாயங்காலம் சோலைராஜிடம் அந்த இடத்தை மாற்றச் சொன்னார். 'பட்டப்பெயர்' என்ற தலைப்பை எடுத்துவிட்டு, 'நான் சொல்லும் அடையாளம்' என்று போடச் சொன்னார். முதலாளியிடம் கேட்காமலே சோலைராஜ் மாற்றினான். அதற்குப் பிறகு எந்தத் தறிக்கூடத்துக்குப் போனாலும் பொன்னுராஜ் மேஸ்திரியிடம் பெயர் கேட்பதில்லை. ஒவ்வொருத்தியிடமும் தனித்தனியாகப் போய், உங்களை எப்படிச் சொல்லலாம் என்று கேட்பார். அம்மா பெயர் சொன்னார்கள், தெருப்பெயர் சொன்னார்கள். "எனக்கு எதுக்கு சார்? சீனியம்மா உலகத்துலயே நான் ஒருத்திதான்" என்று சீனியம்மாள் முகம் கொடுத்துப் பேசியது கொஞ்ச நாள் கழித்துத்தான்.

முத்தாத்தாள் தறிக்குத் திரும்பவே இல்லை.

பொன்னுராஜ் இப்போதும் ராஜபாளையத்துக்கு வேலைக்குப் போகிறார். ஆனால் பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைய மாட்டார். வெயிலோ மழையோ, வெளியே ரோட்டோரம் நின்று கைகாட்டித்தான் ஏறுவார். பைத்தியக்காரத்தனம் என்று தெருவில் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒருநாள் பக்கத்தில் நின்று கேட்டபோது இதையெல்லாம் சொன்னார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. வண்டி வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இனி யாராவது என்னிடம் அவர் வேலை என்ன என்று கேட்டால் சொல்வேன்: ஒரு பொருளைச் செய்வதற்கு முன்னால், அதை யாருக்காகச் செய்கிறோமோ அவர்களிடம் போய்க் கேட்கிற வேலை. அதில் ஒரு தடவை அவர் ஆள் மாறிக் கேட்டுவிட்டார்.

இந்தக் கதையைப் படித்தவர்கள் இன்னும் நாலு பேருக்குச் சொல்லுங்கள். கம்ப்யூட்டர் வேலைக்குப் போகிற பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். உங்களுக்குப் புரிய வேண்டுமே என்று நான் அந்தப் பட்டப்பெயரை இங்கே எழுதிவிட்டேன். நீங்கள் சொல்லும்போது அது வேண்டாம். கருத்தம்மாள் மகள் முத்தாத்தாள் என்றே சொல்லுங்கள்.