சிவப்புத் தண்ணீரில் நான் போட்ட சீனி

சென்ற செவ்வாய்க்கிழமை தொழிற்சாலை கேண்டீனில் தட்டு கழுவிக்கொண்டிருந்தபோது அம்மா போன் செய்தார். "அடுத்த வீட்டுத் தர்ஷினி போயிட்டா மா. டிங்கி காய்ச்சல்." போனை வைத்த பிறகும் நான் தட்டுகளைக் கழுவிக்கொண்டே இருந்தேன்.

எங்கள் ஊரான பத்து பெரண்டாமில் தர்ஷினி அக்கா எங்கள் அடுத்த வீட்டுக்காரர். ஐந்தாம் படிவ மாணவி. நான் மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில், பள்ளியை விட்டவள், அதிகம் பேசமாட்டேன். அவர்தான் சுவருக்கு மேலே தலையை நீட்டி, "ஏய் ஊமைக்கோட்டான், வா லா, எனக்கு அசிஸ்டன்ட் வேணும்" என்பார்.

பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக அவர் ஓர் ஆய்வு செய்தார். கண் பார்க்கும் நிறம் நாக்கு உணரும் இனிப்பை மாற்றுமா என்பது கேள்வி. சிவப்பு, நீலம், பச்சை என மூன்று ஜாடித் தண்ணீர். சாயம்தான் வேறு, சீனி ஒரே அளவு. கலக்கும் வேலையை என்னிடம் விட்டுவிட்டு அக்கம்பக்கத்தாரை அழைக்கப் போனார்.

சிவப்பை ருசி பார்த்தேன். சப்பென்று இருந்தது. வீட்டுக்கு வருகிறவர்களுக்கு இப்படியா ரோஜா சிராப் தண்ணீர் கொடுப்பது? அக்காவுக்குத்தானே தலைகுனிவு என்று இரண்டு கரண்டி சீனி கூடுதலாகப் போட்டேன். நீலத்தையும் பச்சையையும் யார் விருந்தாளிக்குக் கொடுக்கிறார்கள்? அவற்றை அப்படியே விட்டேன்.

குடித்தவர்கள் எல்லாரும் சிவப்புதான் இனிப்பு என்றார்கள். ஒரு பெரியம்மா, "இதான் லா சிராப். மத்தது ரெண்டும் பாத்திரம் கழுவுற தண்ணி" என்றார். அக்கா என் தோளை உலுக்கி, "பாத்தியா, கண்ணு நாக்கை ஏமாத்துது" என்றார். அந்த முகத்தைப் பார்த்து எனக்குச் சொல்ல வாய் வரவில்லை.

முடிவை எழுதி ஒட்டிய போர்டுக்குப் பரிசு கிடைத்தது. அவருக்கு அது போதவில்லை. "அடுத்து கண்ணைக் கட்டிட்டுக் குடிக்கச் சொல்லணும். அப்பவும் சிவப்புதான்னு சொன்னா என் முடிவு தப்பு." மாட்டிக்கொள்வேன் என்று பயந்தேன். மூன்று ஞாயிறு கூப்பிட்டார். மூன்று முறையும் ஓவர்டைம் என்று பொய் சொன்னேன். நான்காவது ஞாயிறு அவர் மருத்துவமனையில் இருந்தார்.

நேற்று அவருடைய அப்பா, "அக்கா செஞ்ச போர்டை ஸ்கூல்ல மாட்டப் போறாங்களாம்" என்றார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர், "அவ இருந்தா உன்னை நல்லாத் திட்டியிருப்பா. திட்டிட்டு, மறுபடி சீனி வாங்க அனுப்பியிருப்பா. எழுதிக் கொடு மா, போர்டோட சேர்த்தே மாட்டச் சொல்றேன்" என்றார்.

போர்டைப் படிக்கிறவர்களுக்கு: அந்த முடிவை நம்ப வேண்டாம். அக்கா கேட்ட கேள்வியில் பிழை இல்லை. சீனியைப் போட்டவள் நான்.

அக்கா, உங்களைப் பள்ளிச் சீருடையில் கிடத்தியிருந்தார்கள். நான் உங்கள் வீட்டு கேட் அருகே, எல்லாரும் கழற்றிப்போட்ட செருப்புகளுக்கு நடுவில் நின்றேன். உள்ளே வரவில்லை. மன்னித்துவிடுங்கள். போய் வாருங்கள்.