யோசித்துவிட்டுச் சாய்ந்த பலகை

அந்தப் பலகையை நான் விளையாட்டுச் சாமானாகத்தான் முதலில் செய்தேன். பள்ளிக்கூட லீவில் என் மகள் எந்நேரமும் செல்போனும் கையுமாக இருந்தாள். அவளுக்கு எட்டு வயது. நான் ஓசூரில் வண்டிகளுக்கான சுவிட்ச் செய்யும் ஒரு கம்பெனியில் டூல் ரூமில் வேலை செய்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மூக்கண்டப்பள்ளி வீட்டு வாசலில் உட்கார்ந்து பிளைவுட்டை அறுத்து ஒரு பெட்டி செய்தேன். பெட்டிக்குள் அந்தரத்தில் ஒரு பலகை. பலகையில் வளைந்து வளைந்து போகும் ஒரு பள்ளம், வழியெல்லாம் ஓட்டைகள். வெளியே இரண்டு திருகுகள். ஒன்றைத் திருப்பினால் பலகை பக்கவாட்டில் சாயும், இன்னொன்றைத் திருப்பினால் முன்னும் பின்னும் சாயும். இரண்டு கையும் ஒன்றையொன்று கேட்டு நடந்தால்தான் இரும்புக் குண்டு ஓட்டையில் விழாமல் கடைசிவரை உருளும்.

முதல் நாள் அவளுக்கு முதல் ஓட்டையைத் தாண்டவே முடியவில்லை. அழுதாள். பெட்டியைக் காலால் தள்ளிவிட்டாள். பிறகு அவளே இழுத்து வைத்துக்கொண்டாள். ஒரு வாரத்தில் குண்டை ஊர் சேர்த்துவிட்டாள். எனக்கு இருந்த பெருமையில் அதை வீடியோ எடுத்து கேன்டீனில் எல்லாரிடமும் காட்டினேன்.

அப்படிப் பார்த்தவர்களில் ஒருவர் ட்ரெய்னிங் ரூமைப் பார்த்துக்கொள்ளும் மேடம். அத்திப்பள்ளியிலிருந்து தினமும் எல்லை தாண்டி வேலைக்கு வருபவர். தாய்மொழி கன்னடம். கோபம் வந்தாலும் சந்தோஷம் வந்தாலும் கன்னடத்தில்தான் தொடங்குவார்.

"சார், இதேதான் எனக்கு வேணும்," என்றார். "புது லைன்ல அரிசி சைஸ் ஸ்ப்ரிங்கை ஒரு கையில பிடிச்சு இன்னொரு கையில மூடணும். யாருக்கு ரெண்டு கையும் சேந்து வேலை செய்யுதுன்னு அஞ்சு நிமிஷத்துல தெரியணும். உறுதியா ஒண்ணு பண்ணிக் குடுங்க."

பண்ணிக் கொடுத்தேன். இந்த முறை அலுமினியத் தகடு. மில்லிங் மெஷினில் போட்டு எடுத்த பள்ளம் கண்ணாடி மாதிரி இருந்தது. வீட்டுப் பெட்டியில் திருகுக்கும் பலகைக்கும் நடுவே நூலும் ஸ்ப்ரிங்கும் கட்டியிருந்தேன். கம்பெனியில் போய் நூல் கட்டுவதா என்று எஃகுக் கைகளும், அவற்றை இணைக்க 'பின்' என்னும் சிறு கம்பியும் வைத்தேன். அந்தக் கம்பி போகும் ஓட்டையைத் துளைத்த பிறகு, ரீமர் என்னும் துருவியை விட்டு அளவுக்குக் கொண்டுவர வேண்டும். மேடம் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். ட்ரில் போட்டதே போதும் என்று விட்டுவிட்டேன். பெயின்ட் காய்ந்ததும் டூல் ரூம் மேஜையில் வைத்து, சாப்பாட்டு இடைவேளையில் தினமும் நானே ஆடிப் பார்த்தேன். நாலைந்து நாளில் ஒரு நிமிஷத்துக்குள் முடித்தேன். என் கணக்கைப் பார்த்துத்தான் மேடம் பரீட்சைக்கு மூன்று நிமிஷம் என்று வைத்தார். தாராளமான நேரம் என்றுதான் நாங்கள் இருவரும் நினைத்தோம்.

வெள்ளிக்கிழமை புது லைனுக்கு வந்திருந்த பதினான்கு பெண்களுக்குப் பரீட்சை, ஆளுக்கு மூன்று வாய்ப்பு. ஐந்து பேர் தேறினார்கள். ஒன்பது பேர் தேறவில்லை. தேறாதவர்களைப் பேக்கிங்குக்கு அனுப்புவார்கள். அங்கே இடமில்லாவிட்டால் வீட்டுக்கு.

ஒன்பதாவதாகத் தேறாமல் போனவர் தேன்கனிக்கோட்டைப் பக்கம் காட்டை ஒட்டிய ஒரு கிராமத்துக்காரர். முப்பது வயசு இருக்கும். அதுவரை கூலிக்கு ராகிக் காட்டில் வேலை செய்தவர். யானை புகுந்துவிட்டால் அந்த வருஷம் அறுப்பும் கிடையாது, கூலியும் கிடையாது என்று இங்கே வந்திருந்தார். மூன்று தடவையும் அவருக்குக் குண்டு ஒரே மாதிரி வளைவில் விழுந்தது. எழுந்து போகும்போது, சுவரோரம் நின்ற என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"சார், இந்தப் பக்கம் திருப்பிட்டு மறுபக்கம் திருப்புனா, பலகை கொஞ்சம் யோசிச்சிட்டுத்தான் சாயுதுங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. "கை பழகலைன்னா அப்படித்தாம்மா தோணும்," என்றேன்.

"சரிங்க சார்," என்று உள்ளங்கைகளை யூனிஃபார்ம் கோட்டில் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "அப்பா, யாரு ஃபர்ஸ்ட்டுன்னு பாக்கலாமா?"

ஆளுக்கொரு தடவை ஆடினோம். அவள் முடித்தாள். எனக்கு இரண்டாவது வளைவிலேயே குண்டு விழுந்தது. மறுபடி ஆடினேன். அதே இடம். தினமும் அலுமினியப் பலகையில் ஒரு நிமிஷத்தில் முடிக்கிறவன் நான். மகள் என் கையையே உற்றுப் பார்த்தாள்.

"ஏம்ப்பா திரும்பும்போது இவ்ளோ திருப்புற? கொஞ்சமா திருப்புனாலே வருமே."

மறுபடி மெதுவாகத் திருப்பிப் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். வலப்பக்கம் சாய்த்துவிட்டு இடப்பக்கம் கொண்டுவரும்போதெல்லாம் என் கை தேவைக்கு மேல் ஒரு நூலளவு அதிகமாகத் திருப்பியது. நான் யோசித்துச் செய்யவில்லை. கை தானாகவே செய்தது. எங்கே பழகியது இந்தப் பழக்கம்?

அப்போதுதான் அந்த அம்மா சொன்னது காதில் விழுந்தது. வெள்ளிக்கிழமை கேட்டேனே தவிர, காதில் விழுந்தது ஞாயிற்றுக்கிழமைதான். பலகை உண்மையிலேயே யோசித்திருக்கிறது. கம்பி போகும் ஓட்டையில் தளர்வு. பட்டறையில் அதைப் 'ப்ளே' என்போம். திருகு திரும்பியும் பலகை அசையாமல் ஒரு கணம் நிற்கும். தினமும் ஆடி ஆடி என் கை அந்தக் கோளாறுக்குப் பழகிவிட்டது. நான் முடித்ததற்குக் காரணம் திறமை இல்லை, பழக்கம். முதல் தடவை உட்கார்ந்தவர்களுக்கு அது எப்படித் தெரியும்?

மனைவி அடுப்படியில் தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில், "நாளைக்குக் காலைல ஷிப்டுக்கு முன்னாடி போயி ஓட்டைக்குள்ள ஒரு புஷ், அதான் சின்ன வளையம், அடிச்சா போதும். பத்து நிமிஷ வேலை. யாருக்கும் தெரியாது," என்றேன்.

அவள் கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "பலகை சரியாயிரும். அந்த ஒன்பது பேரு என்னங்க ஆவாங்க?"

எனக்கே பதில் தெரிந்த கேள்வியைத்தான் அவள் கேட்டாள்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் போய்ப் பலகையின் ஓரத்தில், மயிரிழை அசைவையும் முள்ளில் காட்டும் டயல் கேஜை வைத்தேன். திருகைத் திருப்பினேன், முள் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் திருப்பினேன், அசையவில்லை. அதன் பிறகுதான் துள்ளியது. தப்பு என்று தெரிந்தபோதும், அது இன்ன இடத்தில்தான் என்று கண்ணால் பார்த்ததில் ஒரு நிம்மதி இருந்தது.

மேடம் பையைக்கூட இறக்கிவைக்காமல் வந்து நின்றார். என் முகத்தைப் பார்த்ததும், "ஏனாயித்து? என்ன ஆச்சு?" என்றார்.

முள்ளைக் காட்டினேன். ரீமர் போடாமல் விட்டது நான்தான் என்றேன். அந்த அம்மா வெள்ளிக்கிழமையே சொன்னதையும், நான் தட்டிக்கழித்ததையும் மறைக்கவில்லை. அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"ஒன்பது பேர் முகத்தைப் பாத்து, உங்க கை சரியில்லைன்னு சொன்னேன் சார்," என்றார் மெல்ல. அப்புறம் சட்டென்று, "லிஸ்ட் சனிக்கிழமையே எச்ஆருக்குப் போயிடுச்சு. வாங்க," என்று நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

எச்ஆர் மேனேஜர் அப்போதுதான் கம்ப்யூட்டரைப் போட்டுக்கொண்டிருந்தார். மேடம் பேச்சைத் தொடங்கி, நான் முடித்தேன். அவர் மேஜைத் தட்டிலிருந்து ஒரு தாளை உருவினார். அதில் கையெழுத்து இல்லை. மச்சினன் கல்யாணத்துக்காகச் சனிக்கிழமை லீவு போட்டிருந்தாராம். பக்கத்து நாற்காலியில் கேட்காமலே உட்கார்ந்தேன்.

"இது உங்களுக்கு மட்டும்தான் தெரியுமா?" என்றார்.

"முதல்ல கண்டுபிடிச்சது அந்த அம்மாதான் சார். தேறாதவங்கள்ல ஒருத்தர்."

"அப்ப சரி பண்ணதும் அவங்களையே கூப்பிட்டுக் காட்டுங்க. ஒன்பது பேருக்கும் மறுபடி பரீட்சை வைங்க," என்று தாளை இரண்டாக மடித்து மேடமிடமே கொடுத்துவிட்டார்.

மத்தியானத்துக்குள் ஓட்டையில் புஷ் இறக்கி, தளர்வை இழுத்துப் பிடிக்க ஒரு ஸ்ப்ரிங்கும் மாட்டினேன். லிஸ்ட் முடிவாகும்வரை பேக்கிங்கில் நிற்கவைத்திருந்த அந்த அம்மாவை வரச் சொன்னார்கள். என்னவோ ஏதோ என்று பயந்தபடி வந்தார். வேலையை விட்டு நிறுத்தத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாராம், பிறகு சொன்னார்.

"உக்காந்து திருப்பிப் பாருங்கம்மா," என்றேன்.

வலப்பக்கம் திருப்பினார். இடப்பக்கம் திருப்பினார். இன்னொரு தடவையும் பார்த்தார். "இப்ப யோசிக்கலைங்க," என்றார்.

"தப்பு என்னோடதுதாம்மா. அன்னைக்கு நீங்க சொன்னப்ப நான் கேட்டிருக்கணும்."

அவர் திருகிலிருந்து கையை எடுக்கவில்லை. "எனக்குத் தெரியுமுங்க சார். ஆனா மெசின் செஞ்சவரே இல்லைன்னு சொல்லிட்டா, நம்ம கைதான் சரியில்லையோன்னு ரெண்டு நாளா எங்கூட்டுல தம்ளரக்கூட பாத்துப் பாத்துத்தான் எடுத்தேன்."

மேடம் திரும்பி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கே மேடம் விதியை மாற்றினார். முதல் மூன்று நாள் ஸ்டாப்வாட்ச் கிடையாது. யார் வேண்டுமானாலும் டீ இடைவேளையில் ஆடலாம், பக்கத்தில் நிற்பவர் சொல்லிக் கொடுக்கலாம். நாலாம் நாள்தான் நேரம் பார்ப்பது. நான் சும்மா இருக்காமல், ஓட்டை குறைவாக ஒன்று, அதிகமாக ஒன்று என்று இன்னும் இரண்டு தகடுகள் போட்டுக் கொடுத்தேன். இந்த முறை எல்லா ஓட்டைக்கும் ரீமர் போட்டேன், டயல் கேஜ் வைத்தேன், வேறொருவரைக் கூப்பிட்டு ஆடவைத்தேன். ட்ரெய்னிங் ரூமில் சத்தம் தாங்க முடியவில்லை. "ஐயோ போச்சு", "நில்லு நில்லு", தெலுங்கில் ஒரு கத்தல், கன்னடத்தில் ஒரு சிரிப்பு. வெள்ளிக்கிழமை அந்த அறையில் மூச்சு விடும் சத்தம்கூடக் கேட்கவில்லை.

ஒன்பது பேரில் ஏழு பேர் தேறினார்கள். ஒருவர் தேறவில்லை, பேக்கிங்கில் அவருக்கு இடம் கிடைத்தது. இன்னொருவர் தேறியிருப்பார், ஆனால் பேக்கிங்கில் தோழி இருக்கிறாள் என்று அங்கேயே இருந்துகொண்டார். தேன்கனிக்கோட்டை அம்மா இரண்டு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல் எடுத்துக்கொண்டார். குண்டு கடைசிக் குழியில் விழுந்ததும் எழுந்து நிற்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். மேடம் முதுகில் ஒரு தட்டுத் தட்டிய பிறகுதான் சிரித்தார்.

அடுத்த மாதம் புது லைன் ஓடத் தொடங்கியது. பொருளை அசையாமல் பிடிக்கும் ஒரு ஃபிக்சரைக் கொடுக்கப் போனபோது கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் தேன்கனிக்கோட்டை அம்மா இருந்தார். தலையில் நீலத் தொப்பி, இடது கையில் இடுக்கி. ஸ்ப்ரிங்கை வைத்தார், வலது கையால் மூடியை அமர்த்தினார், அடுத்ததை எடுத்தார். என்னைப் பார்க்கவில்லை. பார்க்க அவருக்கு நேரமும் இல்லை. நான் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு டூல் ரூமுக்கு நடந்தேன்.