பினாயில் வாசம் இல்லாத வீடு

அன்பு அக்காவின் முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலிக்கு வந்து, எங்களோடு செபித்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கையின் வணக்கம். உருக்கமாக எழுத எனக்கு வராது. அக்காவுக்கும் அது பிடிக்காது. "போதும்டி, போய் வேலயப் பாரு" என்றிருப்பார். ஆகவே தெரிந்ததைத் தெரிந்தபடி எழுதுகிறேன்.

விழுப்புரத்தை அடுத்த கோலியனூரில், கரும்பும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் பயிரிட்ட குடும்பத்தில் மூத்த மகளாக அக்கா பிறந்தார். அவர் பத்தாவது முடித்த வருடமே அப்பா இறைவனடி சேர்ந்தார். அதன்பின் அம்மாவோடு கழனிக்குப் போய் எங்களைப் படிக்க வைத்தவர் அக்காதான். தனக்கென்று எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. பிடிவாதம் மட்டும் எங்கள் எல்லோருக்கும் சேர்த்து அவர் ஒருவரிடமே இருந்தது. 1993இல் திண்டிவனத்தில் தையல் கடை வைத்திருந்த மாமாவைக் கைப்பிடித்தார்.

மாமாவுக்கு மூச்சிழுப்பு உண்டு. வாரக் கடைசியில் தவறாமல் வந்துவிடும். கடையில் சனிக்கிழமை வேலை அதிகம், அந்த அலுப்புதான் காரணம் என்று வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். புகுந்த வீட்டுக்குப் போன சில வாரங்களிலேயே அக்கா வேறொன்றைக் கவனித்தார். ஞாயிறு பூசைக்கு முன்னால் வீடு சுத்தமாக இருக்க வேண்டும் என்று அவருடைய மாமியார் சனிக்கிழமைதோறும் பினாயில் ஊற்றிக் கழுவுவார். நானும் அத்தை என்றே அழைக்கும் அவருக்கு, பினாயில் வாசம் தெருமுனை வரை வந்தால்தான் வீடு கழுவியதாகக் கணக்கு. புது மருமகள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இழுப்புக்குக் காரணம் பினாயில்தான் என்று அக்கா சொல்லிவிட்டார்.

"நான் பெத்த புள்ளைக்கு என் கையாலயே நோவு குடுத்துக்கினு இருக்கறேன்னு சொல்றியா?" என்று கேட்ட அத்தை, அன்று சோற்றைத் தொடவில்லை. புகுந்த வீட்டைப் பற்றி அக்கா என்னிடம் சொல்லி அழுதது அந்த ஒரு முறைதான். கடைசியில் அத்தை ஒரு தவணை கொடுத்தார். "ஈஸ்டர் முடிஞ்சி சாமியார் வீடு மந்திரிக்க வருவாரு. அதுவரிக்கும் உன் இஷ்டம். அன்னிக்கு வீடு நாறுச்சின்னா பினாயில் வாங்கியாந்துடுவேன்."

அக்கா பூந்திக்கொட்டையை ஊறவைத்து, காய்ச்சி, பிசைந்து வடிகட்டினார். பஸ் ஸ்டாண்டு ஜூஸ் கடையில் பிழிந்துபோட்ட எலுமிச்சைத் தோலைக் கேட்டு வாங்கி, வெல்லத்தோடு ஊறப்போட்டார். அதில் துடைத்த தரையில் எறும்பு ஊர்வலம் கிளம்பியது. அடுத்து அரப்புத் தூளைக் கரைத்தார், சிமெண்டுத் தரை பச்சையானது. "இன்னா கசாயம்டி இது? தரைக்குக் காய்ச்சலா?" என்று அத்தை கேட்பார். ஆனாலும் சனிக்கிழமைகளில் மாமா மூச்சுத் திணறாமல் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்திருந்தார். அதைப் பற்றி மட்டும் அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை.

பங்குச் சாமியார் வந்தார். மந்திரிக்கத் தண்ணீரும் உப்பும் வைப்பது வழக்கம். வீட்டில் வேளாங்கண்ணித் தீர்த்தம் வாங்கிய மாதா உருவ பாட்டில் ஒன்று இருந்தது. தீர்த்தம் தீர்ந்தபின் அதைக் குப்பையில் போட மனம் வராமல், அக்கா பூந்திக்கொட்டைத் தண்ணீரை ஊற்றி வைத்திருந்தார். அத்தைக்கு அது தெரியாது. மந்திரிக்கும் தண்ணீரில் மாதா தீர்த்தமும் சேர்ந்தால் இன்னும் விசேஷம் என்று பாட்டிலை அப்படியே செம்பில் கவிழ்த்துவிட்டார்.

சாமியார் செபித்து, தீர்த்தம் தெளிக்கும் கோலைத் தோய்த்துத் தெளித்தார். நுரை பறந்தது. மறுபடி தோய்த்தார், செம்பு பொங்கியது. திரு இருதயப் படத்தின் கண்ணாடியில் நுரை வழிந்து, வழிந்த இடம் மட்டும் பளபளவென்று ஆனது. அக்காவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. மாமா சிரிப்பை அடக்க முடியாமல் கொல்லைப்பக்கம் ஓடினார்.

"இன்னாம்மா இது, தீர்த்தம் நுரைக்குது?" என்றார் சாமியார்.

திட்டு விழப்போகிறது என்று அக்கா தலைகுனிந்து நின்றார். அத்தை செம்பை முகர்ந்து பார்த்தார். பிறகு மருமகள் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

"பூந்திக்கொட்டைங்க சாமி. தெரியாம ஊத்தினது நான்தான். இவமேல தப்பு இல்ல. இவ காய்ச்சற தண்ணியாலதான் எம் புள்ள மூச்சு விடறான். இத்தினி வருசமா அவன இழுக்க வுட்டது என் பினாயிலுதான், சாமி."

சொல்லிவிட்டு அத்தை அழுதார். அக்காவும் அழுதார். "மந்திரிக்க வந்தேன், கழுவியும் வுட்டுட்டேன்" என்று சிரித்த சாமியார், வேறு தண்ணீர் வாங்கி முதலிலிருந்து தொடங்கினார். அன்றிலிருந்து மாமியாரும் மருமகளும் சேர்ந்தே காய்ச்சினார்கள். பித்தளைக்குப் புளி, தட்டுமுட்டுக்குச் சாம்பலும் பீர்க்கங்காய் நாரும் என்று அந்த வீட்டுக் கைப்பக்குவம் தெரு முழுவதும் பரவியது. அக்கா யாரிடமும் எதையும் ஒளித்ததில்லை. பிள்ளைகள் இருவரும் வளர்ந்து, படித்து, வேலைக்குப் போனதைக் கண்குளிரப் பார்த்தார். நிறைவான வாழ்க்கை என்று நான் தயங்காமல் சொல்வேன்.

கடைசி மாதங்களில் சிறுநீரகக் கோளாறு அவரைப் படுக்க வைத்தது. புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் வந்த சகோதரர்களுக்கும், இரத்தம் கொடுத்த தம்பிமார்களுக்கும், காய்ச்சிய கஞ்சியோடு வந்து உட்கார்ந்திருந்த பங்கின் அன்பியக் குழுச் சகோதரிகளுக்கும், அடக்கப் பூசையை நிறைவேற்றிய அருட்தந்தைக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

தெருப் பெண்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அக்காவைக் கல்லறைக்கு எடுத்துப்போனதும் வீட்டைக் கழுவ நீங்கள்தான் வந்தீர்கள். எண்பதைத் தாண்டிய அத்தை வாசற்படியில் உட்கார்ந்து, ஒவ்வொரு வாளியையும் முகர்ந்து பார்த்துத்தான் உள்ளே விட்டார். கோபப்படாமல் வரிசையில் நின்றீர்கள். ஒரு வாளியிலும் பினாயில் இல்லை. அவரவர் வீட்டில் காய்ச்சியதைத்தான் கொண்டுவந்திருந்தீர்கள். திரும்பி வந்த மாமா ஈரம் காயாத அந்தத் தரையில் உட்கார்ந்து, மூச்சுத் திணறாமல், மனம் ஆறும்வரை அழுதார்.