முத்துராமன் கேக் சுட்ட வெள்ளிக்கிழமை

துபாய் சத்வாவில் ஒரு தையல் கடையின் மாடியில் குடியிருந்த முத்துராமன் மதுரைக்காரன். கட்டடக் கம்பெனி ஒன்றில் டிராப்ட்ஸ்மேன். கோடு போட்டால் மயிரிழை பிசகாது என்று ஆபீசில் பெயர். அதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. அந்தத் தலைக்கனத்தை எழுபத்தாறாம் வருஷ ஜனவரியில் ஒரு மூன்றரை வயசுப் பொடிசு தவிடுபொடியாக்கிக்கொண்டிருந்தது.

பொடிசு வேறு யாருமில்லை, அவன் மகள் தாமரைதான். அவன் கப்பல் ஏறும்போது அவள் வயிற்றில் இருந்தாள். நடுவில் ஒரு லீவில் போனபோது தவழ்ந்துகொண்டிருந்தாள். அதெல்லாம் அவளுக்கு எங்கே நினைவிருக்கப் போகிறது? இப்போதுதான் விசா கிடைத்து அம்மா பிரபாவதியோடு வந்து இறங்கியிருந்தாள். வந்த நாள் முதல் முத்துராமனை 'மாமா' என்றுதான் கூப்பிட்டாள்.

"அடியே, அப்பான்னு கூப்பிடு," என்று பிரபாவதி அதட்டிப் பார்த்தாள்.

"அப்பா மதுரையில இருக்காரு. செவுத்துல, படத்துல," என்று சொல்லிவிட்டுப் பொம்மைக்குத் தலை வாரப் போய்விட்டாள் தாமரை.

படத்தில் மீசை இருந்தது. சரி, இதுதான் சங்கதி போலிருக்கிறது என்று முத்துராமன் மீசை வளர்த்தான். "மாமாவுக்கு மீசை!" என்று கை கொட்டிச் சிரித்தாள். அவனும் கூடவே சிரித்தான். ஆனால் உள்ளுக்குள் சுருக்கென்று தைத்தது. யாருக்காக இந்த வெயிலில் கிடந்தானோ, அவளுக்கே அவன் அந்நியனாக இருந்தான்.

தாமரை ஓயாமல் பேசிய விஷயம் ஒன்றே ஒன்று, விமானத்தில் கொடுத்த கேக். "பிளேன் கேக்கு வேணும்" என்று காலையில் எழுந்ததும் ஆரம்பிப்பாள். கடையில் எதை வாங்கி வந்தாலும், "இது இல்ல" என்று தள்ளிவிடுவாள். கடைசியில் முத்துராமன் தானே சுடுவதென்று முடிவு கட்டினான். இதில் வேடிக்கை என்னவென்றால், பேச்சிலர் ரூமில் அவனுக்குச் சமையல் முறை வந்த நாட்களில் மற்றவர்கள் முன்கூட்டியே ஹோட்டலுக்குக் கிளம்பிவிடுவார்கள்.

தையல்காரரின் மனைவி ரஹீமா பீவி கீழக்கரைக்காரர். பக்கத்து வீடுதான். அவர் சுடும் கேக்கின் வாசனை படி இறங்கித் தெருவரைக்கும் போகும். முத்துராமன் போய்க் கேட்டதும் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொல்லித் தந்தார்.

"மொதல்ல ஓவனப் போட்டுருங்க தம்பி. அது பாட்டுக்குச் சூடேறட்டும். பொறவு வெண்ணெயும் சீனியும் வெள்ளையாகுற மட்டும் அடிக்கணும். கை வலிக்குதுன்னு விட்டுறக் கூடாது."

வெள்ளிக்கிழமை காலையில், பிரபாவதி எழுவதற்குள் சுட்டு அசத்திவிடத் திட்டம். அவளிடம் மூச்சுவிடவில்லை.

பிரபாவதிக்கும் ஒரு தனிக் கவலை இருந்தது. குளிரில் இட்லி மாவு பொங்க மாட்டேன் என்றது. வந்ததிலிருந்து அவள் சுட்ட இட்லி ஒவ்வொன்றும் தட்டில் போட்டால் 'டங்'கென்று சத்தம் போட்டது. அதனால் வியாழக்கிழமை இரவு ஒரு யோசனை செய்தாள். கரண்ட் ஓவனை லேசாகச் சூடாக்கி அணைத்துவிட்டு, மாவுக் குண்டாவை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினாள். அவளும் புருஷனிடம் சொல்லவில்லை. இட்லி மாவு வைக்கிற இடத்தையெல்லாம் ஆம்பளையிடம் யார் சொல்வார்கள்?

விடிந்தது. முத்துராமன் பூனை நடை நடந்து சமையலறைக்குள் போனான். சொன்னது சொன்னபடி ஓவனின் திருகைத் திருப்பினான். திறந்து பார்க்கும்படி ரஹீமா பீவி சொல்லவில்லை, அவனும் பார்க்கவில்லை. வெண்ணெயையும் சீனியையும் போட்டு அடிக்க ஆரம்பித்தான். எவ்வளவு வெள்ளை என்று கேட்டுக்கொள்ளாமல் போனோமே என்ற சந்தேகத்தில் தோள்பட்டை கழன்றுவிடும்போல அடித்தான். முட்டை, மைதா எல்லாம் சேர்த்து முடிப்பதற்குள் கமகமவென்று வாசனை வந்தது. 'பரவாயில்லையே, கேக் வாசனை இப்பவே வந்துருச்சே' என்று மகிழ்ந்துபோனான். கேக் இன்னும் கையில்தான் இருக்கிறது என்பது உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

கதவைத் திறந்தான். குண்டாவின் மேல் கவிழ்த்திருந்த தட்டைத் தள்ளிக்கொண்டு மாவு பொங்கி, பொன்னிறமாய் வெந்து, நடுவில் வெடித்து நின்றது.

"ஐயய்யோ! பிரபா!"

முதலில் ஓடி வந்தது தாமரைதான். பின்னாலேயே வந்த பிரபாவதி தலையில் கை வைத்தாள். "என்னங்க இது! ஊர விட்டு வந்து இன்னைக்குத்தாங்க மாவு பொங்கியிருக்கு. அதப் போயி இப்படி..." சொல்லி முடிக்கவில்லை, அவளுக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

குண்டாவைத் தட்டில் கவிழ்த்ததும் பொத்தென்று விழுந்தது, தலையணை மாதிரி ஓர் இட்லி. பிரபாவதி அதைக் கத்தியால் துண்டு போட்டு, பொடியும் நல்லெண்ணெயும் விட்டுக் கொடுத்தாள். தாமரை ஒரு துண்டைத் தின்றாள், இன்னொன்று கேட்டு வாங்கினாள். பிளேன் கேக்கு என்ற பேச்சே எழவில்லை. முத்துராமனின் நிஜக் கேக் மாவு கேட்பாரற்று மேடையில் கிடந்தது.

அப்போது கதவு தட்டும் சத்தம். கேக் எப்படி வந்தது என்று பார்க்க ரஹீமா பீவி வந்திருந்தார். வாயெல்லாம் பொடியோடு தாமரை பாய்ந்து ஓடினாள். கோள் சொல்வதென்றால் அவளுக்குக் கொள்ளை ஆசை.

"எங்க அப்பா இட்லி மாவ ஓவன்ல போட்டு வேக வச்சுட்டாரு! அம்மா மாவு பூரா போச்சு!"

பிரபாவதி சட்டென்று திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அவன் கையில் பிடித்த இட்லித் துண்டோடு அப்படியே நின்றான். கண் நிறைந்துவிட்டது; துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை. ரஹீமா பீவிக்கு அந்த 'மாமா' விஷயமெல்லாம் தெரியும். காது கேட்காதவர்போலக் குனிந்தார்.

"யாரு கண்ணு வேக வச்சது?"

"எங்க அப்பாதான்! இந்தா நிக்கிறாருல்ல!"

அடுத்த வியாழக்கிழமை பிரபாவதி மாவு அரைக்கும்போது, ஓவனுக்கென்று இன்னும் ஒரு குண்டா சேர்த்து அரைக்கச் சொன்னான் முத்துராமன்.