மில்லிமீட்டர் வீட்டு முகம்

தீயில் வெந்த ஒரு முகத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்ட பெண் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சொன்னால் சிரிப்பீர்கள், இல்லையென்றால் முகம் சுளிப்பீர்கள். இரண்டையும் தாங்கிக்கொள்வேன். என் வீட்டுக்காரர் என்னைப் பார்க்காமல் இருப்பதைத்தான் தாங்க முடிவதில்லை.

அவர் பிளாஸ்டிக் சர்ஜன். பேருந்து நிலையத்துக்கு எதிரே, மருந்துக்கடைக்கு மேல் மாடியில் கிளினிக். காலையில் அழகு, மதியத்துக்கு மேல் விபத்து. மூக்கைச் சன்னமாக்க, கண்ணுக்குக் கீழே தொங்கும் பையை எடுக்க, கன்னத்தைத் தூக்கி நிறுத்த வருகிறவர்கள் காலைக் கூட்டம். உதடு பிளந்து பிறந்த குழந்தைகள், வண்டியிலிருந்து விழுந்தவர்கள், தீயில் மாட்டியவர்கள் மதியக் கூட்டம். மதியக் கூட்டம் அவரை நடுத்தெருவில் பார்த்தாலும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொள்ளும். காலைக் கூட்டத்துக்கு அவர் யாரோ எவரோ. ஒரு விருந்தில், அவரே செதுக்கிய மூக்கை வைத்துக்கொண்டு ஒரு அம்மாள், "நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?" என்று அவரிடமே கேட்டாள். "சும்மா தையல் வேலைதாங்க" என்றார் இவர்.

நர்ஸ்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் மில்லிமீட்டர். அது அவருக்கும் தெரியும், பெருமை வேறு. உதட்டோரக் கோடு ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் எதிரே நின்று பேசுகிறவனுக்குத் தெரிந்துவிடும் என்பார். போட்ட தையல் மனசுக்குப் பிடிக்காவிட்டால் பிரித்துவிட்டு மறுபடி போடுவார். மயக்க மருந்து டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார். படித்து முடித்ததும் பெரிய ஆஸ்பத்திரியின் தீக்காய வார்டில் போட்டார்கள். கூடச் சேர்ந்தவர்கள் எல்லாம் ஆளைப் பிடித்து இடம் மாற்றிக்கொண்டு ஓட, இவர் மட்டும் அங்கேயே கிடந்தார். கை பழகியது அங்கேதான். வெந்த முகத்தில் இல்லாத இமையைச் செய்யத் தெரிந்தவனுக்கு, நல்ல முகத்தில் இருக்கிற இமையைத் தூக்குவது என்ன பெரிய வேலை என்று கேட்பார்.

வரவேற்பு மேஜை என்னுடையது. போட்டோ எடுப்பதும் நான்தான். நீலத் துணிக்கு முன்னால் நிற்கவைத்து நேராக ஒன்று, இடம் ஒன்று, வலம் ஒன்று. ஆபரேஷனுக்கு முன்னால் ஆளை உட்கார வைத்துத்தான் அவர் கோடு போடுவார்; படுத்தால் சதை சரிந்து முகமே மாறிவிடுமாம். முழங்காலோடு முழங்கால் இடிக்கிற மாதிரி எதிரே உட்கார்ந்து, கையில் பேனாவோடு, "என்னைப் பாருங்க. இப்போ சிரிங்க" என்பார். சிரித்தால்தான் கன்னத்து மடிப்பு எங்கே விழுகிறது என்று தெரியும், தழும்பை அதற்குள் ஒளித்துவிடலாம். அந்த அரைமணி நேரம் அந்த முகத்தைத் தவிர அவருக்கு உலகத்தில் வேறெதுவும் கிடையாது. கதவோரம் கேமராவோடு நின்று அதைப் பார்த்துப் பார்த்து எனக்கு வயிறு எரியும். வீட்டில் எனக்குக் கிடைப்பது அவருடைய காது மட்டும்தான், அதுவும் பாதிநேரம் அடைத்துக்கொள்ளும். ஒருதடவை இடுப்பு வரை இருந்த முடியைத் தோள்வரை வெட்டிக்கொண்டு வந்து எதிரே நின்றேன். தலையைத் தூக்கினார். "ஃபேன் சத்தம் போடுது, ஆளை வரச்சொல்லு" என்றார்.

காலைக் கூட்டத்தின் மேல் எனக்குப் பொறாமை இல்லை. வருவார்கள், போவார்கள். என் தூக்கத்தைக் கெடுத்தவள் ரொட்டிக்காரி. பேக்கரியில் அடுப்பு வெடித்து முகத்தின் ஒரு பக்கம் அப்படியே போய்விட்டது. வருஷக்கணக்கில் எங்களிடம் வந்தாள். தொடைத் தோலை எடுத்து இமை, தலையிலிருந்து முடியோடு தோலை எடுத்துப் புருவம் என்று இவர் அவளைத் துண்டு துண்டாகக் கட்டி எழுப்பினார். கிளினிக்கோடு விட்டாரா? சோற்றில் கை வைத்தபடி, "கீழ் இமை இன்னும் இழுக்குது" என்பார். யாருக்கு என்று நான் கேட்க வேண்டியதே இல்லை. ஸ்பூன் காம்பால் மேஜைத்துணியில் அந்த இமையை வரைவார். எதிரே இரண்டு நல்ல இமைகளோடு நான் உட்கார்ந்திருப்பேன்.

"இப்போ அவ சிரிச்சா ரெண்டு பக்கமும் ஒண்ணா ஏறுது, தெரியுமா?" என்று ஒருநாள் துள்ளிக் குதித்தார்.

"நான் சிரிச்சா?"

"உனக்கென்ன, நீ நல்லாத்தானே இருக்கே."

அவளை வெறுக்கவாவது முடிந்ததா? அதுவும் இல்லை. வரும்போதெல்லாம் எனக்கென்று சூடாக ரொட்டி கொண்டுவருவாள். வாய் நிறைய அக்கா என்பாள். நல்லவளாக வேறு இருந்து தொலைத்தாள்.

போட்டோவுக்கு நிற்கும்போது ஒருநாள் அவள்தான் கேட்டாள். "அக்கா, மூக்கோரம் என்ன அது?"

"பரு. நேரா பாரு, அசையாதே."

"போன தடவையும் இருந்துச்சே. அதுக்கு முந்தின தடவையும். சார்கிட்ட காட்டினீங்களா?"

தினமும் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிற மனுஷனிடம் காட்ட வேண்டுமாம்! நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென்று உள்ளே இழுத்துப்போய், "சார், அக்கா மூக்கைப் பாருங்க" என்றாள்.

விளக்கை இழுத்து வைத்துப் பார்த்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. "எவ்வளவு நாளா இருக்கு?"

"அதை நீங்கதான் சொல்லணும்" என்றேன்.

கிள்ளி எடுத்துச் சோதித்ததில் புற்றுநோய் என்று வந்தது. பரவாத ஜாதி, உயிருக்குப் பயமில்லை. ஆனால் மூக்கின் ஓரம் போய்விடும். கன்னத்திலிருந்து சதையைத் திருப்பி அந்த இடத்தைக் கட்ட வேண்டும். சொந்த மனுஷர்களை அறுக்கக்கூடாது என்பது டாக்டர்களுக்குள் வழக்கம். அதனால் அவரிடமே தொழில் கற்ற உதவி டாக்டர், சின்னப் பெண், தானே செய்வதாகச் சொன்னாள். "சரி. ஆனா கோடு நான்தான் போடுவேன்" என்றார் இவர்.

உள்ளதைச் சொல்கிறேன். முதலில் பயந்தேன். பின்னாலேயே ஒரு சந்தோஷமும் வந்தது. அரைமணி நேரம். என் முறை. கடைசியில் ஒரு புற்றுநோய் வந்துதான் எனக்கு அந்த நாற்காலி கிடைத்தது. காதலனைப் பார்க்கப் போகிறவள் மாதிரி முகத்தைக் கழுவிக் கழுவித் துடைத்தேன்.

நர்ஸ் கேமராவை எடுத்தாள். "இவ முகத்துக்கு எதுக்குப் போட்டோ?" என்று தடுத்துவிட்டார். எதிரே உட்கார்ந்தார். முழங்கால் இடித்தது. என் மோவாயைப் பிடித்து, மூக்கோரம் ஒரு வட்டம் போட்டார். அப்புறம் கன்னத்தில் யோசிக்காமல் ஒரே இழுப்பு. பேனாவை மூடிவிட்டார்.

நான் காத்திருந்தேன். எல்லாரிடமும் சொல்கிற அந்த ஒரு வார்த்தையை என்னிடம் சொல்லவில்லை.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

உதவி டாக்டர் குனிந்து பார்த்தாள். தயங்கினாள். "மேடம், ஒருதடவை சிரிங்க."

சிரிப்பு எங்கே வருகிறது? பல்லைக் காட்டினேன்.

"சார், மடிப்பு இங்க விழலையே. கோடு மேல இருக்கு."

"அங்கதான் விழும். எனக்குத் தெரியாதா?"

"நீங்களே பாருங்க சார்."

ஸ்கேலை வைத்தாள். மூன்று மில்லிமீட்டர். நர்ஸ் சட்டென்று தரையைப் பார்த்துக்கொண்டாள்.

இப்போதுதான் அவர் கண்ணைக் கிட்டே கொண்டுவந்தார். பார்த்தார். "இங்கதானே இருந்துச்சு" என்றார், தனக்குத்தானே பேசிக்கொள்கிற மாதிரி.

"எப்போ?" என்றேன்.

"நம்ம கல்யாணத்தப்போ."

பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து, போட்ட கோட்டைத் தன் கையாலேயே துடைத்தார். பேனாவை அந்தப் பெண்ணிடம் நீட்டினார். "நீயே போடும்மா. இந்த முகம் எனக்குத் தெரியலை."

எனக்கு அன்றைக்கு எரிந்த மாதிரி வயிறு என்றைக்குமே எரிந்ததில்லை. இத்தனை வருஷமும் அவர் சாப்பாட்டு மேஜையில் ஒருத்தியைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். கன்னம் சரியாதவள், மூக்கோரம் ஒன்றும் முளைக்காதவள். அவளுக்கு எதிரே உட்கார்ந்துதான் நிம்மதியாகச் சாப்பிட்டிருக்கிறார். ரொட்டிக்காரியென்றால் வாசலோடு திருப்பி அனுப்பலாம். இந்தச் சக்களத்தியை நான் எந்த வாசலில் நிறுத்துவது?

அவர் எழுந்து போகப் பார்த்தார்.

"எங்க போறீங்க? உட்காருங்க" என்றேன். "அவ கோடு போடட்டும். நீங்க பாருங்க."

உட்கார்ந்தார். அந்தப் பெண்ணின் பேனா கன்னத்தில் சில்லென்று நகர்ந்தது. அவர் பார்த்தார். நடுநடுவே கண் என் முகத்தைத் தாண்டி எங்கோ போனது. யாரைத் தேடிப் போகிறது என்று எனக்குத் தெரியும். போன ஒவ்வொரு தடவையும் அவர் முழங்காலில் ஒரு இடி இடித்து, "இங்க" என்றேன்.