துருத்திக்காரன் வாசித்த ஆர்கன்

எங்கள் பேராலயத்தில் ஆர்கன் வாசிக்கிறவர் ஒருவர். அதற்குக் காற்று கொடுக்க, பின்னால் இருட்டறையில் துருத்தி மிதிக்கிறவர்கள் பத்துப் பேர். கெர்லாக் ஆறாவது துருத்தி, நான் ஏழாவது. இருபது வருடம் அவன் பிடரியைப் பார்த்தபடிதான் நான் பூசை கண்டேன். நல்ல மனிதன், வாய்தான் கொஞ்சம் நீளம்.

பெண் கேட்டு மலையடிவாரத்து ஊருக்குப் போனபோது, பெண்ணின் அப்பா ஃபோல்மாரிடம், "பேராலயத்துல ஆர்கன் வாசிக்கிறேன்" என்று கூசாமல் சொல்லிவிட்டான். கல்யாணமான மாதமே மனைவி அடல்ஹைட்டுக்குக் குட்டு தெரிந்துபோனது. அப்பாவிடம் சொல்ல வெட்கப்பட்டு அவளும் மூடி வைத்துவிட்டாள்.

ஒன்பது வருடம் கழித்து ஒரு கம்பளி வியாபாரி அந்த ஊர்க் கோயிலுக்குச் சின்ன ஆர்கன் ஒன்றைக் காணிக்கையாகக் கொடுத்துத் தொலைத்தார். நவம்பரில் மார்ட்டின் திருநாளன்று முதல் வாசிப்பு. வாசிக்க யார்? ஃபோல்மாரின் மருமகன் இருக்கும்போது வேறு யார்!

துருத்தி மிதிக்க என்னைக் கூட்டிப் போனான். வழியெல்லாம் புலம்பல்.

"டேய் தித்மார், ரொம்ப அசிங்கமாப் போச்சுன்னா மிதிக்கிறத நிறுத்திடு. துருத்தி கிழிஞ்சு போச்சுன்னு சொல்லிக்கலாம்."

"ஒன்பது வருஷமா மாமியார் வீட்டுல பெரிய மனுஷன். அப்பல்லாம் என் ஞாபகம் வரல, இப்ப வருதாக்கும்?"

"உன் கால்ல விழறேன்டா."

சரி என்றேன்.

எங்கள் நாட்டில் ஆர்கன் கட்டைகளை விரலால் அல்ல, முஷ்டியால்தான் அடிக்க வேண்டும். பூசை முடிந்ததும் கெர்லாக் கண்ணை மூடிக்கொண்டு அடித்தான். கடவுளே! பன்றி அறுக்கிற வீட்டுச் சத்தம். நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. நன்றாக மானம் போகட்டும் என்று இன்னும் ஓங்கி மிதித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

மானம் போகவில்லை. அந்த ஊரில் யாரும் அதற்கு முன் ஆர்கன் கேட்டதே இல்லை. கோயில் மொத்தமும் முழந்தாளிட்டு அழுதது. ஃபோல்மார் தள்ளாடி வந்து மருமகனின் இரண்டு கையையும் முத்தமிட்டார்.

"மோட்சத்துல இப்படித்தான் கேக்கும்னு தெரிஞ்சு போச்சு மாப்ள. இனி எனக்குப் பயமில்ல."

கெர்லாக் உடைந்துவிட்டான். "மாமா, எனக்கு வாசிக்கத் தெரியாது. நான் துருத்தி மிதிக்கிறவன்."

"கேட்டீங்களா? என்ன அடக்கம் பாருங்க இந்தப் புள்ளைக்கு!"

ஊரே தலையாட்டியது. அடல்ஹைட் முக்காட்டை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டாள். விருந்தில் வாத்தின் தொடை அவனுக்குத்தான் வந்தது. அவன் அதைத் தொடவில்லை.

கிறிஸ்துமஸ் கழிந்து கிழவர் இறந்துபோனார். சாகும்முன் ஒரே ஒரு ஆசையைச் சொல்லியிருந்தார். மாப்பிள்ளை அன்றைக்கு வாசித்த அதே பாட்டைத் தன் அடக்கத்திலும் வாசிக்க வேண்டும்.

உடலைக் கோயிலுக்குள் கொண்டுவந்து கிடத்தினார்கள். எல்லோரும் ஆர்கன் பக்கம் திரும்பினார்கள். முஷ்டியை ஓங்கிய கெர்லாக் அப்படியே நின்றான். பிறகு துருத்தியில் நின்ற என் பக்கம் குனிந்தான். அவமானத்தில் அவன் முகம் காதுவரை சிவந்திருந்தது.

"தித்மார், அன்னைக்கு நான் என்னடா அடிச்சேன்? கொஞ்சமாவது உனக்கு ஞாபகம் இருக்கா?"

எனக்கும் நினைவில்லை.