சிங்கிங் மேஸ்திரி கட்டிய படகு

காலை ரயிலுக்குக் கிளம்பிய என் வீட்டுக்காரர் ஸ்டேஷன் வரை போகாமலே திரும்பி வந்தார். "ஏகாம்பரண்ணன் பூட்டாரு" என்று சொல்லிவிட்டு டிபன் பையை அடுப்பு மேடைமேல் வைத்தார். நான் தோசைக்கல்லை இறக்கிவைத்துவிட்டு, இரண்டு வீடு தள்ளியிருந்த அவர் வீட்டுக்கு ஓடினேன். அண்ணனைத் தூக்குவதற்குள் எங்கள் லைன் வீடுகளின் முனையில் கோயில் கமிட்டி பேனர் கட்டிவிட்டது. 'ஆன்மிகச் செம்மல்' என்ற பட்டம். பக்கத்தில் அவர் செய்த படகின் படம். எங்கள் தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் அவரைத் தெரிந்தவர்களுக்கு அந்தப் படகு ஒரு சிரிப்புக் கதையாகத்தான் தெரியும். நடந்ததை நான் எழுதுகிறேன்.

நம் அம்மன் கோயில் தெப்பம் உங்களுக்குத் தெரியும். பின்னாலிருக்கும் சிமெண்ட் தொட்டியில் டிரம்மைக் கட்டி, மேலே பலகை போட்டு, கயிற்றால் இழுப்பார்கள். ஒரு வருஷம் பலகை சாய்ந்து அம்மன் புடவை நனைந்தது. எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனோம். அண்ணன் மட்டும் தொட்டியோரம் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுவாரமே வேலையை ஆரம்பித்தார். பழைய கதவுப் பலகையில் நாலடிப் படகு. ஆணியைத் தவிர எதையும் கடையில் வாங்கவில்லை. லாரி வைப்பர் மோட்டார், சைக்கிள் செயின், தகரத்தை வெட்டித் தைத்த துடுப்புச் சக்கரம். அந்தச் சக்கரம் படகின் பின்புறம் இருந்தது. ஏன் அங்கே என்று கேட்டேன். "பக்கத்துல வெச்சா தண்ணி தெறிக்கும்மா. பின்னாடி வெச்சா அம்மா பொடவ நனையாது" என்றார்.

மடப்பள்ளிக் கணக்கு எழுதுகிறவள் என்பதால் ஒருநாள் என்னிடம் வந்தார். "உற்சவர் இன்னா வெயிட்டு இருக்கும்மா? நகையோட, பூவோட சொல்லு. ஈர மாலைக்கு வெயிட் ஜாஸ்தி." மெருகு போடக் கொண்டுபோனபோது தராசில் வைத்ததை நான் குறித்திருந்தேன். மாலைகளையும் நிறுத்துச் சொன்னேன். அந்தக் கனத்துக்குத்தான் சக்கரத்தின் உயரத்தை வைத்தார்.

கமிட்டிக்கு முன்னால் படகைக் காட்டிய அன்று அவர் சொன்ன ஒரு வார்த்தைதான் எல்லாவற்றையும் கெடுத்தது. "அம்மா ஏறினா நல்லா சிங்கிங் ஆவும். அப்பதான் சக்கரம் தண்ணியப் புடிக்கும்."

மைன்ஸில் ஷாஃப்ட்டை, அதாவது சுரங்கக் குழியை, தோண்டிக் கீழே இறக்குவதற்குச் சிங்கிங் என்று பேர். அந்த வேலையில் மேஸ்திரியாக இருந்தவர் அண்ணன். அவர் வாயில் அது நல்ல வார்த்தை. தினமும் பெங்களூருக்கு ரயிலேறும் கமிட்டி செக்ரட்டரிக்கு அது வெறும் இங்கிலீஷாக, மூழ்குவது என்றுதான் கேட்டது. "அம்மன ஏத்திட்டு மூழ்கும்ன்றாரே, இன்னா பெரியவரே இது?" என்றார். கூட்டம் சிரித்தது. செக்ரட்டரியின் தாத்தாவும் சிங்கிங் வேலை செய்தவர்தான்.

காலியாக விட்டுக் காட்டச் சொன்னார்கள். கனம் இல்லாத படகு மேலே நின்றது. சக்கரம் தண்ணீரைத் தடவிக்கொண்டு சும்மா சுற்றியது. "மோட்டார் ஓடுது, போட் தூங்குது" என்றான் ஒருத்தன். நான் வீட்டுக்கு ஓடிக் குழவிக்கல்லைத் தூக்கிவந்து, "அம்மன் வெயிட்டுக்கு இத வெச்சுப் பாருங்க" என்றேன். "அம்மன் எடத்துல மசாலா அரைக்கிற கல்லா? சாமி கும்புடற பொம்பள பேசற பேச்சா இது?" என்று செக்ரட்டரி கேட்டார். அதோடு கூட்டம் கலைந்தது. அன்றிலிருந்து அவருக்கு 'முழுவற மேஸ்திரி' என்று பேர் விழுந்தது.

எல்லாரும் போன பிறகு, அவர் மனைவி கமலா அக்காவும் நானும் அந்தக் கல்லைப் படகில் வைத்தோம். படகு அளவாக இறங்கியது. சக்கரம் தண்ணீரைப் பிடித்தது. ஒரு சொட்டுத் தெறிக்காமல் தொட்டியைச் சுற்றி வந்தது. அண்ணன் பார்த்தார். "கல்லு ஏறிச்சு. அம்மா ஏறலியே" என்றார். அவ்வளவுதான்.

பிறகு ஒருமுறை நான் அவரிடம், "சிங்கிங்னு சொல்லாம, அளவா எறங்கும்னு சொல்லிட்டுப் போங்களேன் அண்ணே. ஒத்துக்குவாங்க" என்றேன். அவர் கோபப்படவில்லை. "வேலைக்கு உள்ள பேர மாத்தினா, நான் செஞ்ச வேலையே பொய்யாப் பூடும்மா" என்றார். அடுத்த தெப்பத்துக்கும் டிரம்மும் கயிறும்தான் வந்தன. அவர் தொட்டிப் பக்கமே வரவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் செக்ரட்டரி வந்தார். இந்த வருஷம் அம்மன் அந்தப் படகில்தான் ஏற வேண்டும், ஜனங்கள் கேட்கிறார்கள் என்றார். கொடுக்காதீர்கள் என்று அக்காவைக் கண்ணால் தடுத்தேன். அக்கா என்னைப் பார்க்காமலே, "எடுத்துனு போங்க. அவரு கமிட்டிக்கா கட்டுனாரு?" என்றார். அதற்கு மேல் நான் பேச முடியாது. அம்மன் ஏறுவாள். படகும் ஓடும். மைக் செக்ரட்டரி கையில் இருக்கும். நான் கரையில் நின்று கும்பிடுவேன்.

போகும்போது வாசலில் செக்ரட்டரி என்னிடம், "அன்னிக்கு ஏதோ சின்ன மனஸ்தாபம், மனசுல வெச்சுக்காதீங்கக்கா" என்றார். கமிட்டியில் எல்லாரும் அதற்கு அந்தப் பேரைத்தான் வைத்திருக்கிறார்கள். நான் அந்தப் பேரைச் சொல்ல மாட்டேன். "மனஸ்தாபம் இல்ல தம்பி. அவமானம். நீங்க அவர அவமானப்படுத்தினீங்க" என்றேன். ஏகாம்பரம் அண்ணனிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அதுதான்: நடந்ததை அதன் பேரைச் சொல்லியே சொல்வது.